அழுகலுக்கு முன்னால் வந்தது

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், என் தாய்மாமா மாரிக்குப்பம் ரயிலில் வந்து கண்டோன்மெண்ட்டில் இறங்கி, அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு முடிச்சிட்ட இரண்டு பிளாஸ்டிக் பைகள் இருந்தன. முடிச்சை வாசலிலேயே அவிழ்த்தார். நாலைந்து உருளைக்கிழங்குகள். தோல் மட்டும் கிழங்கின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, உள்ளே எல்லாம் கூழாகி, சாம்பலும் பழுப்பும் கலந்த நீர் பையின் அடியில் தேங்கியிருந்தது. அந்த நாற்றம் மாடிப்படி வரை ஏறிவிட்டது.

“பாப்பா, நீதான் ஆஸ்பத்திரி லேப்ல கிருமி பாக்குறவளாச்சே. இதுல என்ன கிருமி இருக்குதுன்னு பாத்துச் சொல்லு. மூணு தடவ மருந்து அடிச்சாச்சு, நிக்க மாட்டேங்குது” என்றார்.

என் மாமா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது கைக்கு வந்த பணத்தில் பங்காருப்பேட்டைக்கு அருகே இரண்டு ஏக்கர் நிலம் வாங்கி, பூமிக்குள் இறங்கிச் சம்பாதித்தவர் அதன் மேலே பயிர் வைக்கக் கற்றுக்கொண்டார். ஆறு கிடையாது, மழையும் ஆழ்துளைக் கிணறும்தான். தக்காளி, கத்தரி, ராகி, உருளைக்கிழங்கு என்று மாற்றி மாற்றிப் போடுவார். அந்த வருடம் ஆனி மழையை நம்பி ஒன்றரை ஏக்கரில் உருளைக்கிழங்கு ஊன்றியிருந்தார். விதைக்கிழங்கு பஞ்சாபிலிருந்து லாரியில் வந்த மூட்டை. அதற்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை.

அவர் நம்பிக்கையோடு கொண்டுவந்த பையைப் பார்த்ததும் எனக்கு வருத்தம்தான் வந்தது. ஏனென்றால் அந்த மாதிரியிலிருந்து யாராலும் எதையும் சொல்ல முடியாது. பதினெட்டு ஆண்டுகளாக நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்பவளுக்கு இது முதல் பாடம். ஆறாத புண்ணிலிருந்து மாதிரி எடுக்கும்போது மேலே வழியும் சீழைத் தொட்டு எடுத்து அனுப்பினால், தட்டில் பத்து விதமான கிருமி வளரும். அவற்றில் எது புண்ணை உண்டாக்கியது, எது புண் திறந்திருப்பதைப் பார்த்துப் பிறகு குடிவந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சீழைக் கழுவிவிட்டு, இன்னும் உயிருள்ள சதையும் கெட்ட சதையும் சந்திக்கிற இடத்திலிருந்து எடுக்க வேண்டும். மருந்து கொடுக்கத் தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். மாமா கொண்டுவந்த மாதிரி இந்த இரண்டு பாடங்களையுமே தவறவிட்டிருந்தது.

உருளைக்கிழங்கு விஷயத்தில் இந்தச் சிக்கல் இன்னும் பெரியது. மண்ணிலும் நீரிலும் கிழங்கின் தோலிலும் சாதாரணமாகவே வசிக்கும் பெக்டோபாக்டீரியம் என்ற ஒரு பாக்டீரியப் பேரினம் இருக்கிறது. செடியின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசையைக் கரைப்பது அதன் தொழில். செங்கல் சுவரில் செங்கல்லை விட்டுவிட்டுச் சாந்தை மட்டும் கரைத்துவிட்டால் சுவர் எப்படிச் சரியுமோ, அப்படித்தான் கிழங்கு கூழாகிறது. நல்ல கிழங்கின் தோலைத் தாண்ட இதற்கு வழி கிடைப்பதில்லை. ஆனால் வேறு ஏதாவது நோய் கதவைத் திறந்துவிட்டாலோ, மண்வெட்டி பட்டுக் காயம் ஆனாலோ, மழைநீர் கிழங்கைச் சுற்றிப் படலமாக நின்று சில மணி நேரத்துக்குள் உள்ளே பிராணவாயு தீர்ந்துபோனாலோ, இது உள்ளே நுழைந்துவிடும். நுழைந்தபின் இரண்டு மூன்று நாளில் முன்னால் வந்த நோயின் தடயங்கள் அத்தனையையும் கரைத்துவிடும். அதன் பிறகு வேறு பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் வந்து சேர்கின்றன. மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும் நாற்றம் பெரும்பாலும் இவற்றுடையது. ஆகவே அழுகிய கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு “எதனால் அழுகியது” என்று கேட்டால், கடைசியாக வந்தவர்கள்தான் பதில் சொல்வார்கள்.

இதே கேள்வியில்தான் ஐரோப்பா 1845-இல் மாட்டிக்கொண்டது. அந்தக் கோடையில் பெல்ஜியத்தில் தொடங்கிய உருளைக்கிழங்கு அழுகல், சில வாரங்களில் பிரான்சு, இங்கிலாந்து என்று பரவி, செப்டம்பரில் அயர்லாந்தை எட்டியது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் அயர்லாந்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறி ஊரை விட்டுப் போனார்கள். அழுகிய செடிகளில் வெண்ணிறப் பூசணம் இருந்ததைப் பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். தகராறு அதன் இருப்பைப் பற்றியதன்று. அது காரணமா, விளைவா என்பதைப் பற்றியது. லண்டனின் பெயர்பெற்ற தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி, குளிரும் மழையும் மிகுந்த பருவத்தில் செடி தாங்கமுடியாத அளவுக்கு நீரை உறிஞ்சிவிட்டது, அதனால் அழுகியது, பூசணம் அந்த அழுகலில் பிறகு வந்து முளைத்தது என்றார். கிராமத்துப் பாதிரியாராக இருந்துகொண்டே பூஞ்சைகளை ஆராய்ந்த மைல்ஸ் ஜோசப் பெர்க்லி, 1846-இல் எழுதிய கட்டுரையில் பூசணம்தான் காரணம் என்று துணிந்து சொன்னார். அப்போது அவரை நம்பியவர்கள் குறைவு. பாஸ்டர் தம் நுண்ணுயிர்ச் சோதனைகளால் உலகறிய வருவதற்கு முந்திய காலம் அது என்பதை நினைத்துக்கொண்டால், பெர்க்லியின் துணிவு எவ்வளவு பெரியது என்று புரியும்.

வழக்கை முடித்துவைத்தவர் ஜெர்மானியரான அன்டோன் டி பாரி. 1861-இல் அவர் செய்தது சொல்வதற்கு மிக எளிய காரியம். நலமான செடிகளை எடுத்து, சிலவற்றின் இலையில் அந்தப் பூசணத்தின் வித்துகளை வைத்தார்; சிலவற்றில் வைக்கவில்லை. ஈரமும் குளிரும் இரண்டுக்கும் ஒன்றுதான். வைத்தவை நோயுற்றன, வைக்காதவை நலமாக இருந்தன. மழை மட்டுமே செடியை அழுகவைப்பதில்லை என்பது அத்தோடு தெளிவானது. 1876-இல் அவர் அதற்கு ஃபைட்டோஃப்தோரா என்று பேரினப் பெயர் வைத்தார். கிரேக்கத்தில் செடியை அழிப்பது என்று பொருள்.

மாமாவுக்கு மருந்து கொடுத்த கடைக்காரரின் மனத்திலும் இந்த ஃபைட்டோஃப்தோராதான் இருந்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே மாதத்தில் பக்கத்து ஊரில் அது உண்டாக்கும் பின்பருவ இலைக்கருகல் வந்திருந்தது, மழை பிடித்துக்கொண்டிருந்தது, மாமா செடியைக் கொண்டுபோகாமல் “கிழங்கு அழுகுது” என்று வாயால் மட்டும் சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தில் எதற்கும் கொளெ ரோகம் என்றுதான் பெயர். கன்னடத்தில் கொளெ என்றால் அழுகல். தக்காளிக் காய் கறுத்தாலும் கொளெ, இஞ்சி கிழங்கு கெட்டாலும் கொளெ. அந்த ஒரு சொல்லுக்கு எதிரில் அலமாரியில் இருப்பதை எடுத்துக் கொடுத்தார்கள். முதலில் கார்பெண்டாசிம் கலந்த மருந்து, பிறகு மெட்டலாக்சில் கலந்தது, மூன்றாம் தடவை அதையே அளவைக் கூட்டி. ஆள் கூலியும் சேர்த்து 11,000 ரூபாய் போய்விட்டது.

அந்த முதல் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நோய் இலைக்கருகலாகவே இருந்திருந்தாலும் அதிலிருந்த கார்பெண்டாசிம் பயன்பட்டிருக்காது. ஃபைட்டோஃப்தோரா பார்வைக்குப் பூஞ்சை போலிருந்தாலும் பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததில்லை. ஊமைசீட்ஸ் என்னும் வேறொரு கிளை. அதன் உயிரணுச் சுவர் செடிகளைப் போல் செல்லுலோசால் ஆனது; உறவுமுறையில் பூஞ்சைகளைவிடக் கடற்பாசிகள் சிலவற்றுக்கு அது நெருக்கம். உண்மையான பூஞ்சைகள் பலவற்றை அடக்கும் கார்பெண்டாசிம் இதைத் தொடுவதில்லை. “பூஞ்சை நோய்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி மருந்து வாங்கும் இடத்திலேயே காசு வீணாகத் தொடங்குகிறது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மாமாவோடு நிலத்துக்குப் போனேன். மழை ஓய்ந்து இரண்டு நாளாக வெயில் அடித்திருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு வரப்பில் நின்று பார்த்தபோது, பார் பாராகப் பச்சையாக நின்ற செடிகளுக்கு நடுவே அங்கங்கே சில செடிகள் மட்டும் தலையைத் தொங்கவிட்டிருந்தன. மண்ணைக் கிள்ளிப் பார்த்தேன். கையில் ஒட்டும் அளவுக்கு ஈரம். தண்ணீர் போதாமல் வாடவில்லை. இன்னொன்றும் உறுத்தியது: வாடிய இலைகள் பச்சையாகவே இருந்தன. மஞ்சளாகிக் காய்ந்து விழுவதற்கு நேரமே கொடுக்காமல் செடியை எதுவோ மடக்கியிருந்தது.

“சாயங்காலம் பாத்தா இதுல பாதிச் செடி நிமிந்துக்கும் பாப்பா. காலையில நல்லாத்தான் இருக்கும். ரெண்டு மூணு நாள் அப்படி ஏமாத்திட்டு அப்புறம் ஒரேயடியா படுத்துக்கும்” என்றார் மாமா.

கடைக்காரரிடம் அவர் சொல்லாமல் விட்டது இந்த ஒன்றைத்தான். அவர் சொன்ன எல்லாவற்றிலும் முக்கியமானதும் அதுவே. பகலில் வாடி இரவில் தேறும் செடிக்கு இலையில் நோயில்லை, நீர் ஏறும் குழாயில் தடை இருக்கிறது.

இருந்தாலும் ஒரே காரணத்தின் மேல் பாய்ந்துவிடக் கூடாது என்று மற்றவற்றையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். இலைக்கருகலாக இருந்தால் இலை ஓரத்தில் நீரில் ஊறியது போன்ற கரும்பச்சைத் திட்டுகள் இருக்கும்; அதிகாலை ஈரத்தில் இலையின் அடிப்புறம் புள்ளியைச் சுற்றி வெண்ணிறப் பூசணம் மாவு தூவியது போலத் தெரியும். அந்த நோய் கண்ட கிழங்கை வெட்டினால் தோலுக்கு அடியில் செம்பழுப்பு நிறத்தில், உறுதியான, சொரசொரப்பான அழுகல் உள்நோக்கிப் போகும். அப்படி ஒன்றும் இல்லை. தண்டின் அடி மையைப் பூசியதுபோல் கறுத்து வழவழப்பாக இருந்தால் கருங்கால் நோய், அதுவும் இல்லை. மண்ணை ஒட்டிய கழுத்துப் பகுதியில் வெள்ளை நூல் படர்ந்து, அதில் கடுகு கடுகாக உருண்டைகள் இருந்தால் ஸ்கிளிரோஷியம் என்ற பூஞ்சை. பத்துச் செடிக்கு மண்ணை விலக்கிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஃபியூசேரியம் வாடலில் கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகும் என்று படித்திருந்தேன். சேமிப்பில் வரும் ஃபியூசேரியம் உலர் அழுகலோ கிழங்கைச் சுருக்கி, தோலில் வட்டவட்டமாக மடிப்பு விழவைத்து, உள்ளே குழிகளில் பூசணத்தை அடைத்துவைக்கும். வெட்டி வைத்த கிழங்கு அரைமணி நேரத்தில் இளஞ்சிவப்பாகிப் பிறகு கறுக்கும் ஓர் அழுகலும் உண்டு. ஃபைட்டோஃப்தோராவின் இன்னொரு இனம் அதைச் செய்கிறது. காற்றோட்டமில்லாத கிடங்கில் மூச்சு முட்டிப்போன கிழங்கின் நடுப்பகுதி எந்தக் கிருமியும் இல்லாமலே மை போல் கறுத்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

பாதி வாடிய செடி ஒன்றைப் பிடுங்கினேன். கிழங்குகள் சுண்டைக்காயிலிருந்து எலுமிச்சை அளவு வரை இருந்தன. வெளியே பார்க்க நல்ல கிழங்குகள். ஒன்றின் கண்ணில் மட்டும் மண் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் துடைத்தபோது பிசுபிசுத்தது. மாமாவின் கத்தியை வாங்கிக் குறுக்கே வெட்டினேன். தோலுக்குச் சற்று உள்ளே, கிழங்கைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம். கிழங்கை இரண்டு விரலால் லேசாக அழுத்தியதும் அந்த வளையத்தின் மேல் மோர்த்துளி போல வெளுப்பான திரவம் புள்ளி புள்ளியாக எழுந்து நின்றது. மாமா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை நாள் முழுதும் அழுகியதைத்தான் அவர் எடுத்துப் பார்த்திருக்கிறார். நல்ல கிழங்கை வெட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

மகாராட்டிரத்தில் இந்த நோய்க்கு பாங்டி என்று பெயர். மராத்தியில் வளையல். கிழங்கை வெட்டிப் பார்த்த எவரோ ஓர் உழவர் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். பார்த்ததை அப்படியே சொல்லும் பெயர். புனேப் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்த நோய் பதிவாகியிருக்கிறது. கொளெ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைக்காமல், கோலார்ப் பக்கத்திலும் இப்படியொரு தனிப்பெயர் வழங்கியிருந்தால் மாமாவுக்கு அந்த 11,000 ரூபாய் மிஞ்சியிருக்கலாம்.

அடுத்த சோதனைக்கு ஒரு கண்ணாடிப் பாத்திரம் வேண்டும். மோட்டார் அறையில் எவர்சில்வர் தம்ளர்தான் இருந்தது. பக்கத்து நிலத்து அம்மாவிடம் ஊறுகாய்ப் புட்டி ஒன்று வாங்கிக் கழுவி, தெளிந்த தண்ணீர் நிரப்பினோம். வாடத் தொடங்கியிருந்த செடியின் தண்டை அடியிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு நறுக்கி, வெட்டுவாய் தண்ணீரைத் தொடும்படி நூலில் கட்டித் தொங்கவிட்டேன். அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பின்னால் கறுப்புச் சட்டை ஒன்றைத் திரைபோல் பிடித்துக்கொண்டோம். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. இரண்டாம் நிமிடம் முடியும்போது, வெட்டுவாயிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய வெள்ளை இழை ஒன்று நேராகக் கீழே இறங்கியது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. ஊதுபத்திப் புகை மேலே போவதற்குப் பதிலாகக் கீழே இறங்குவதுபோல, நாலைந்து இழைகள் வளைந்து வளைந்து இறங்கிப் புட்டியின் அடியில் பால் கலங்கியது போலப் படிந்தன. நலமான செடியின் தண்டை இன்னொரு புட்டியில் தொங்கவிட்டிருந்தோம். அதில் தண்ணீர் அப்படியே இருந்தது. டி பாரி நலமான செடியையும் பக்கத்திலேயே வைத்திருந்தாரே, அந்த முறைதான்.

ரால்ஸ்டோனியா சோலனசியாரம் என்பது அந்தப் பால்நூலின் பெயர். வேரில் உள்ள சின்னஞ்சிறு காயங்கள் வழியாக நுழைந்து, நீரை மேலே ஏற்றும் குழாய்களில் பெருகி, தானே சுரக்கும் பசையால் குழாயை அடைத்துவிடும் பாக்டீரியா. ஓர் இழையில் கோடிக்கணக்கில் இருக்கும். அமெரிக்க அரசின் வேளாண்துறையில் இருந்த எர்வின் ஸ்மித் 1896-இல் இதை விவரித்து எழுதினார். பாக்டீரியாவால் செடிக்கு நோய் வரும் என்பதையே ஒப்புக்கொள்ளாத ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்ஃபிரட் ஃபிஷரோடு அவர் பல ஆண்டுகள் அச்சில் வாதாடினார். செடி முதலில் கெடுகிறது, பாக்டீரியா பிறகு வருகிறது என்பதே ஃபிஷரின் கட்சி. லிண்ட்லி சொன்னதுதான் ஐம்பது ஆண்டு கழித்து இன்னொரு வாயிலிருந்து வந்தது.

மாமா திரும்பத் திரும்ப மைக்ராஸ்கோப்பைப் பற்றியே கேட்டார். மருத்துவமனை ஆய்வகத்தில் செடி மாதிரியை வைக்க அனுமதியில்லை, வைக்கவும் கூடாது என்று சொன்னேன். வைத்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. பாக்டீரியாவை வகைபிரிக்க உதவும் கிராம் சாயம் ஏற்றிப் பார்த்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் சிறு கோல்கள் தெரியும், அவ்வளவுதான். கிழங்கைக் கூழாக்கும் பெக்டோபாக்டீரியமும் அதே சாயத்தில் அதே இளஞ்சிவப்புக் கோலாகத்தான் தெரியும். முதலில் வந்ததையும் பிறகு வந்ததையும் கண்ணால் பிரிக்க முடியாத இடம் அது. வளர்த்துப் பார்க்க வேண்டும்.

அதனால் ஆறு செடிகளை, வாடத் தொடங்கியவை மூன்று, வாடாதவை மூன்று, வேரும் மண்ணுமாகத் தோண்டி, செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி, எந்தப் பாரிலிருந்து எடுத்தது என்று சீட்டு எழுதி, செவ்வாய்க்கிழமை பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்துக்குக் கொண்டுபோனோம். பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம் என்று நான் சொன்னதற்கு மாமா காரணம் கேட்டார். மூச்சு விடாமல் வேர்த்துப்போனால் வழியிலேயே கூழாகிவிடும், நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி கெட்டுவிடும் என்றேன்.

அங்கே செய்ததைப் பார்க்க என் தொழில்மனம் நிறைந்தது. 1954-இல் ஆர்தர் கெல்மன் வகுத்த ஒரு வளர்ப்பு ஊடகம் இருக்கிறது. டெட்ரசோலியம் என்ற உப்பு சேர்ந்தது. அதில் 28 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால், நோய் உண்டாக்கும் திறனுள்ள ரால்ஸ்டோனியா ஒழுங்கற்ற வடிவில், தளதளவென்று வழியும் வெள்ளைத் திட்டுகளாக வளர்ந்து நடுவில் மட்டும் இளஞ்சிவப்பாகும். அதே பாக்டீரியா நோயுண்டாக்கும் திறனை இழந்துவிட்டிருந்தால் சிறிய, உருண்டையான, அடர்சிவப்புத் திட்டுகளாக வளரும். பசை சுரப்பதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். செடியின் குழாயை அடைக்கும் அதே பசை தட்டிலும் கண்ணுக்குத் தெரிகிறது. தட்டிலிருந்து எடுத்ததை நலமான தக்காளி நாற்றுகளில் செலுத்தினார்கள். எட்டாம் நாள் நாற்றுகள் பச்சையாகவே தலை சாய்ந்தன. அந்த நாற்றிலிருந்து மறுபடியும் அதையே பிரித்தெடுத்தார்கள். ஒரு கிருமிதான் காரணம் என்று நிரூபிக்க, அதைப் பிரித்தெடுத்து, நலமான உயிரில் செலுத்தி, நோய் வந்தபின் மறுபடியும் அதையே பிரித்தெடுக்க வேண்டும் என்று ராபர்ட் கோக் மனித நோய்களுக்கு விதித்த ஒழுங்கு இத்தோடு நிறைவேறியது.

வளாகத்திலிருந்து ஹெப்பாள் வழியாகத் திரும்பும்போது எனக்கு லெஸ்லி கோல்மன் நினைவு வந்தது. கனடாவிலிருந்து 1908-இல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து, பின்னர் வேளாண்துறை இயக்குநராக இருந்தவர். 1913-இல் ஹெப்பாளில் வேளாண் பள்ளி தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. மலைநாட்டுப் பாக்கு மரங்களில் மழைக்காலத்தில் காய்கள் அழுகிக் கொட்டும் நோயை ஆராய்ந்து 1910-இல் அவர் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே கொளெரோகம் என்ற கன்னடச் சொல் இருக்கிறது. மரம் ஏறிக் குலைகளுக்குப் பாளையால் கூடுகட்டி மழையிலிருந்து காப்பது அங்கே பழைய வழக்கம். கோல்மன் காரணத்தைக் கண்டுபிடித்தார். அதுவும் ஒரு ஃபைட்டோஃப்தோராவே. காரணம் தெரிந்ததால், திராட்சைக்காக பிரான்சில் 1885-இல் புகழ்பெற்ற போர்டோ கலவையை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த அதே நீலக் கலவையை, மழைக்கு முன்பே குலைகளில் தெளிக்கச் சொன்னார். பலித்தது. இன்றும் மலைநாட்டில் அதைத்தான் தெளிக்கிறார்கள். அதே கலவையை மாமாவின் நிலத்தில் தெளித்திருந்தால் இலை நீலமாகியிருக்குமே தவிர, தண்டுக்குள் இருப்பதை ஒன்றும் செய்திருக்காது.

நோய் இன்னது என்று தெரிந்தபின், எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மிஞ்சியது. எனக்கு இதுவே அதிக ஈடுபாட்டைக் கொடுத்த பகுதி. இன்னொரு நாள் போய், வாடிய செடி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டோம். வரப்பின் மேட்டில் நின்று பார்த்தால் படம் தெளிவாகிவிட்டது. தென்கிழக்கு மூலையில், தண்ணீர் வடிந்து தேங்கும் தாழ்வில், குச்சிகள் காடாக நின்றன. அங்கிருந்து வாய்க்கால் போகும் போக்கில் ஒரு வால்போல நீண்டிருந்தன. “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த மூலையில தக்காளி இப்படித்தான் காஞ்சுது. வெயில்னு நெனச்சேன்” என்றார் மாமா. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எல்லாமே ஒரே குடும்பம். இருநூறுக்கும் மேற்பட்ட செடி இனங்களைத் தாக்கும் இந்தப் பாக்டீரியாவுக்கு அந்தக் குடும்பம் மிகவும் பிடித்தமானது. ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றைப் போட்டால் அதற்குப் பந்தி மாறாது.

ஆனால் அந்த மூலைக்குச் சம்பந்தமில்லாமல், மேட்டுப் பாரில் ஓரிடத்தில் ஏழு செடிகள் வரிசையாக, ஒன்று விடாமல் வாடியிருந்தன. அதற்கு மண்ணைக் காரணம் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. விதைக்கிழங்கை எப்படி ஊன்றினீர்கள் என்று கேட்டேன். மூட்டை விலை கட்டாததால், கண் பார்த்து ஒவ்வொன்றையும் இரண்டு மூன்றாக வெட்டி ஊன்றியதாகச் சொன்னார். ஒரே கத்தி. வெளியே எந்தக் குறியும் காட்டாமல் ஒரு கிழங்கு நோயைச் சுமந்திருந்தால், அதை வெட்டிய கத்தி அடுத்த கிழங்குகளுக்கும் கொடுத்திருக்கும். வெட்டிய வரிசையிலேயே கூடையில் விழுந்து, கூடையிலிருந்து அதே வரிசையில் பாருக்குப் போயிருக்கும். மூலையில் இருந்தது பழைய மண்ணின் நோய், மேட்டில் இருந்தது கத்தியின் நோய் என்பது என் முடிவு. என் மாமி இதை ஏற்கவில்லை, மழைநீர் மேட்டுக்கும் போயிருக்கும் என்கிறாள். நான் குச்சிகளை நம்புகிறேன்.

நின்ற பயிரைக் காப்பாற்ற மருந்து எதுவும் கிடையாது என்பதை மாமாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. மருந்து இல்லை என்றால் கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்டார். நான்காவது தெளிப்புக்கு எடுத்துவைத்த காசு கையில் நிற்கிறதே என்றேன். வாடிய செடிகளைச் சுற்றுமண்ணோடு பெயர்த்து நிலத்துக்கு வெளியே குழியில் போட்டோம். மூலைக்குப் பாயும் தண்ணீரை மண் போட்டுத் திருப்பினோம். மேட்டில் நலமாக இருந்த பகுதியைக் காய்வதற்கு முன்பே பதினைந்து நாள் முன்கூட்டித் தோண்டி, யஷ்வந்தபுரம் மண்டிக்கு அனுப்பினார். சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பாக்டீரியாவால் ஒன்றும் ஆகாது. அதிலிருந்து ஒரு கிழங்கைக்கூட விதைக்கு வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அவர் வைக்கவில்லை. வாங்கிய கடனில் பாதிக்குக்கூட விலை வரவில்லை.

அடுத்த இரண்டு வருடம் அந்த மூலையில் ராகியும் சோளமும்தான். புல்லினப் பயிர்களில் அதற்குச் சாப்பாடு இல்லை. கோடையில் இரண்டு முறை ஆழ உழுது வெயிலில் காயவிட்டார். விதை வெட்டினால் இரண்டு கத்தி வைத்துக்கொண்டு, ஒன்று மருந்து நீரில் ஊறும்போது மற்றொன்றால் வெட்டுகிறார். சிறு கிழங்காகக் கிடைத்தால் வெட்டாமலே ஊன்றுகிறார். இந்த வருடம் மேட்டில் மட்டும் அரை ஏக்கர் உருளை போட்டிருக்கிறார். மூலையில் போட இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. ரால்ஸ்டோனியா மண்ணில் எளிதில் சாவதில்லை.

அந்த ஊறுகாய்ப் புட்டி மோட்டார் அறையில் ஆணியில் தொங்குகிறது. ஊர்க்காரர்கள் தக்காளித் தண்டையும் கத்தரித் தண்டையும் கொண்டுவந்து தொங்கவிட்டுப் பார்க்கிறார்கள். போன வாரம் மாமா அனுப்பிய வாட்ஸ்அப் படத்தில் கத்தரிச் செடி ஒன்றின் தண்டு புட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் ஆகியும் தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது, ஆனால் செடி வாடுகிறது என்று எழுதியிருந்தார். அடித்தண்டைச் சுற்றி மண்ணை விலக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அழைத்தார்.

“வெள்ள நூலா படந்துருக்குது பாப்பா. அதுல கடுகு மாதிரி என்னமோ உருண்டையா ஒட்டிட்டிருக்குது.”

அதைத் தொடாமல், மண்ணோடு சேர்த்துச் செய்தித்தாளில் சுற்றி வைக்கச் சொன்னேன்.